செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களான உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. செயற்குழுவை ஆறு முறை கூட்டியதில் நான்கு முறைதான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேர்ந்தது.

இந்த வருடம் என் நேரம் பெரும்பாலும், சாமர்வெல் டாக்டரின் கதையில் தொடங்கும் படக் கண்காட்சிக்கே போனது. இந்தப் பழைய கதை எதற்கு என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நெய்யூர் ஆஸ்பத்திரி சாமர்வெல் டாக்டர் எவரெஸ்ட் ஏறப் போனவர் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவரும் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவர். முதல் உலகப் போரில் 1915 முதல் 1918 வரை வெஸ்ட் லங்காஷயர் கள மருத்துவ நிலையத்தில் சர்ஜன். அது டெரிட்டோரியல் படையைச் சேர்ந்தது. சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே தாமாக முன்வந்து பயிற்சி எடுத்தவர்களை வைத்து 1908-ல் உண்டான படை அது.

முன்வரிசையில் கட்டுப் போட்டவர்களை இந்த நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். உடனே ஆபரேஷன் வேண்டியவர், ரயிலில் பின்னால் அனுப்பக்கூடியவர், பிழைக்கமாட்டாதவர் என்று இங்கேதான் பிரிப்பார்கள். மெடிக்கல் கோரில், அதாவது ராணுவ மருத்துவப் பிரிவில், 22 வருடம் இருந்தவன் சொல்கிறேன், மருந்து போடுவதைவிட இந்தப் பிரிப்புதான் கஷ்டம்.

1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போர் தொடங்கிய நாள். வெக்மோன் கிராமத்து முகாமுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் ஒரு மைல் நீளத்துக்கு நின்றன. ஐந்தாறு ஏக்கர் வயல் முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். கூடாரத்துக்குள் நான்கே சர்ஜன்கள். சாகக் கிடந்தவர்களில் ஒருவர்கூடத் தன்னை முதலில் பார்க்கச் சொல்லவில்லை என்று சாமர்வெல் பதிவு செய்திருக்கிறார். போரையே வெறுத்துத் திரும்பிய அவர், 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் கன்னியாகுமரி வரை ஊர் பார்க்க வந்தார். நெய்யூரில் வெளியே நீண்ட வரிசை, உள்ளே ஒரே ஒரு சர்ஜன். அங்கேயே உதவிக்கு நின்றுவிட்டார். அப்புறம் பல வருடம் நெய்யூர்தான். இதைத்தான் கண்காட்சியின் முதல் தட்டியில், அதாவது படப் பலகையில், வைத்தேன்.

தட்டிகள் 14. இரண்டு நாளும் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று படித்தார்கள். நம் 118 உறுப்பினர்களில் வந்தவர்கள் 19 பேர். மழை காரணம் என்றார்கள். பிள்ளைகளும் அதே மழையில்தான் வந்தார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டியிருக்கிறது. விவரம் தணிக்கை முடிந்ததும் பொருளாளர் தருவார். கண்காட்சிக்கு நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது. அதைத் தலைவரும் நானும் கைக்காசிலிருந்து போட்டோம். சந்தா 47 பேர் பாக்கி. சிலருக்கு மூன்று வருடப் பாக்கி. கேட்கப் போனால் வீட்டில் இல்லை என்ற பதில்தான் வருகிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர்களுக்கும், கட்டன்சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் கொடுத்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தட்டிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், அங்கேயே ஸ்ட்ரெச்சர் தூக்கவும் ரத்தப்போக்கை நிறுத்தவும் சொல்லித்தர எண்ணம். நான் ஒருவன் போதாது. மெடிக்கல் கோரில் இருந்தவர்கள் நம் பட்டியலிலேயே 11 பேர் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை காலை போதும். பெயர் கொடுக்க நோட்டு மேசையில் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்