கட்டாயமா லாஸ்ட் நேம் கேக்கிற ஆக்களுக்கு, திருகோணமலையில இருந்து ஒரு திறந்த மடல்

ஆப்பும் வெப்சைட்டும் செய்யிற அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார், அவங்கட தலைக்கு மேல நிண்டு "இந்த ஸ்பிரிண்ட்டுக்குள்ள (குறிச்ச கொஞ்சக் கிழமைக்குள்ள) முடிங்க" எண்டு சொல்லுற மனேஜர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் உங்கட ஆள்தான். பதிமூண்டு வருஷமா கோட் எழுதித்தான் சோறு. வெள்ளவத்தையில ரூம் எடுத்து ஆறு வருஷம் வேலை செஞ்சிட்டு, கொரோனா நேரம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகல்ல, இப்ப உப்புவெளியில அம்மாட வீட்டு முன் அறையில இருந்து வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு வேலை செய்யிறன். அதனால நான் எறியிற கல்லுல பாதி என்ட தலையிலயும்தான் விழும், அதையும் ஒளிக்காம சொல்லுறன்.

போன கிழமை அம்மாட வங்கியில, புத்தகத்தில அடிச்சுக் குடுக்கிறத நிப்பாட்டப் போறம், இனி ஆப்பில பாருங்க எண்டு சொல்லிப்போட்டாங்க. அம்மாக்கு 67 வயசு. வட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்புவா, யூடியூப்பில தேவாரம் போடுவா, அந்தளவுக்கு போன் தெரியும். நான் பக்கத்தில இருந்து ஒரு வார்த்தை சொல்லித் தராம, தானே செய்யட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். தொழில் ஆசைதான், சும்மா பாக்கிற டெஸ்டிங்.

முதல் கட்டம் அடையாள அட்டை இலக்கம். அம்மாடது பழசு, ஒம்பது இலக்கமும் கடைசியில ஒரு 'வி'யும். 12 இலக்க அட்டை 2016லதான் வந்தது, பழைய அட்டையும் செல்லும். ஆனா கட்டத்துக்குள்ள தட்டினா இலக்கக் கீபோட் மட்டும்தான் வருது, 'வி' அடிக்க வழியில்ல. அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறா, எங்கயோ பின்னால 'வி' இருக்கும் எண்ட மாதிரி. கடைசியில நான்தான் முன்னுக்கு 19ம் நடுவில ஒரு சைபரும் போட்டு பன்னிரண்டாக்கிக் குடுத்தன். புரோகிராமர் மகன் இல்லாத அம்மாமார் என்ன செய்யிறது?

இந்த அட்டைக் கதையில இன்னொண்டு. தெரிஞ்ச தம்பி ஒருத்தன் தான் எழுதின ஃபோம் கோட் ஒண்டக் கொண்டந்து காட்டினான், அட்டை இலக்கத்தில இருந்து பிறந்த திகதியக் கண்டுபிடிக்கிற பகுதி. வருஷத்தில எத்தினையாவது நாள் எண்ட எண் 366க்கு மேல போனா எரர் எண்டு எழுதியிருக்கிறான். எங்கட நாட்டு அட்டையில பெண்களுக்கு அந்த நாளோட 500 கூட்டித்தான் போடுறது. அப்ப ஒரு பொம்பிளையும் உள்ள போக ஏலாது! டெஸ்ட் பண்ணினியா எண்டு கேட்டன், ஓம் அண்ணா, என்ட ஐடிய போட்டுப் பாத்தன், ஃபிரண்ட்ஸ்மார்ட ஐடியும் போட்டன், எல்லாம் பாஸ் எண்டான். ஃபிரண்ட்ஸ் எல்லாம் பெடியன்மார். அவனில கோவிக்க ஏலாது, நாங்க எல்லாரும் அப்பிடித்தான், எங்கட அட்டை, எங்கட பெயர், எங்கட போன், எங்கட வைஃபை, அதில ஓடினா ஓடும்.

ரெண்டாவது கட்டம்தான் தலைப்பில சொன்னது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ரெண்டுக்கும் பக்கத்தில சிவப்பு நட்சத்திரம். எங்களுக்கு எங்க ஐயா லாஸ்ட் நேம்? அப்பாட பெயர், பிறகு என்ட பெயர், அவ்வளவுதான். அம்மாட அட்டையில தன்ட அப்பாட பெயர் இருக்கு, வங்கிப் புத்தகத்தில கலியாணத்துக்குப் பிறகு என்ட அப்பாட பெயரோட மாத்தினது. எதைப் போட்டாலும் 'பெயர் பொருந்தவில்லை'. பொருந்தாதுதான், நீங்க கேக்கிற சாமான் எங்களிட்ட இல்ல, இல்லாததுக்கு எதையோ ஒண்டை எழுதித் தந்தா எப்பிடிப் பொருந்தும்?

என்ட கதை இதவிட மோசம். ஃபோம் நிரப்பக்கிள்ள அப்பாட பெயர் ஒரு இடத்தில ஃபர்ஸ்ட் நேம் ஆகிடும், இன்னொரு இடத்தில லாஸ்ட் நேம். அப்பா மோசம் போய் ஒம்பது வருஷம். இண்டைக்கும் மாசா மாசம் என்ட போனுக்கு அப்பாட பெயரைச் சொல்லி அன்புள்ள அவர் அவர்களே, உங்களுக்காக விசேட கடன் வசதி எண்டு மெசேஜ் வருது. என்ட பிறந்த நாளுக்கு அவருக்கு வாழ்த்து வருது. ஒருநாள் அம்மா அதை வாசிச்சிட்டு, "இப்ப லோன் குடுக்கினமோ? மனுசன் உசிரோட அலைஞ்ச நேரம் ஒருத்தனும் குடுக்கல்ல" எண்டு சொல்லிப்போட்டு போனை மேசையில கவுத்து வச்சிட்டுக் குசினிக்குள்ள போனா. நான் என்ன சொல்லுறது, லிஸ்டில இருக்கிற பெயரை மெஷின் தன்ட பாட்டில கடிதத்தில போடுற மெயில் மேர்ஜ் எண்டு விளங்கப்படுத்தவா?

'முழுப் பெயர்' எண்டு ஒரே ஒரு பெட்டி போடுங்க. நீளமாப் போடுங்க. அதுவும் தமிழ்ல அடிக்கிற ஃபோமில மேக்ஸ் லெங்த், அதான் ஆகக்கூடின நீளம், 20 எண்டு வைக்கிற ஆக்களுக்கு: எங்கட கோணேசரைப் பதிகம் பாடின திருஞானசம்பந்தமூர்த்தியே உங்கட பெட்டிக்குள்ள அடங்க மாட்டார். எண்ணிப் பாருங்க, நாங்க வாசிக்கேக்க பதிமூண்டு எழுத்து, ஆனா மெஷின் விசிறியையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுறதால அதுக்கு 22. இருபதில வெட்டினா 'திருஞானசம்பந்தமூர்த்' எண்டு நிக்கிறார் மனுசன், தும்மல் பாதியில நிண்ட மாதிரி.

இப்ப என்ட தலையில விழுற கல்லு. கொழும்பில இருக்கேக்க ஒரு தனியார் கிளினிக்குக்கு நோயாளிகளைப் பதியிற சிஸ்டம் எழுதினன். தகவல் சேமிக்கிறது பழைய மைஎஸ்கியூஎல், டேபிள் செய்யக்கிள்ள எந்த எழுத்துகளை ஏத்துக்கொள்ளும் எண்ட கரக்டர் செட்ட நான் பாக்கல்ல, அது தன்ட பாட்டில தமிழ் எழுத்தே இல்லாத லட்டின்-1 எண்டு போட்டுக்கொண்டுது (2018ல வந்த 8.0 வெர்ஷன்லதான் அந்த டிஃபோல்ட்ட மாத்தினாங்க). நான் டெஸ்ட் பண்ணினது எல்லாம் இங்கிலீஷ் பெயர். முதல் நாள் காலம கவுண்டர்ல இருந்த பிள்ளை நல்ல மனசோட தமிழ் ஆக்கள்ட பெயரைத் தமிழ்லயே அடிச்சிருக்கு. டேபிளுக்குள்ள போன ஒவ்வொரு குறியும் கேள்விக்குறி. நோயாளிட துண்டில ???????. நேர்ஸ் மிஸ் வெளியில வந்து துண்டைப் பாத்து எண்ணிப்போட்டு "ஏழு கேள்விக்குறி ஆர்?" எண்டு கூப்பிட்டாவாம். அப்பிடி மாறின பெயர் திரும்பி வராது, ஒரிஜினல் எங்கயும் இல்ல. பின்னேரம் முழுக்க அந்தப் பிள்ளையும் நானும் ஆக்களுக்குக் கோல் எடுத்து "ஐயா, உங்கட பெயர் என்ன?" எண்டு கேட்டம். ஒருத்தர் "நம்பர் தெரியுது, பெயர் தெரியாதோ" எண்டு ஏசினார். ஏசத்தான் வேணும்.

திரும்ப அம்மாட்ட வருவம். எப்பிடியோ பெயரைத் தாண்டி ஓடிபிக்கு, அதான் எஸ்எம்எஸ்ஸில வாற ஒருதரம் பாவிக்கிற இரகசிய எண்ணுக்கு, வந்தாச்சு. எங்கட வீட்டில சிக்னல் வாறது குசினி ஜன்னலடியில மட்டும்தான், அம்மா அங்க போய் போனை உயத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, திரையில 60, 59, 58 எண்டு ஓடுது. மெசேஜ் வந்து சேர டைம் முடிஞ்சிட்டு. திருப்பி அனுப்பு. திருப்பியும் முடிஞ்சிட்டு. மூண்டாம் தரம் கணக்கை 24 மணித்தியாலத்துக்கு லொக் பண்ணிப்போட்டுது. பிறகு ஆறுதலா அந்த மெசேஜை வாசிச்சன். "அன்பார்ந்த வாடிக்கையாளரே" எண்டு தொடங்கி, எங்கட சேவையைத் தெரிவு செய்ததுக்கு நன்றி சொல்லி, பாதுகாப்பு உபதேசம் ரெண்டு வரி சொல்லி, கடைசியில ஆறு இலக்கம்.

இதில தொழில் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இருக்கிறது 140 பைட். இங்கிலீஷ் எண்டா அதுக்குள்ள 160 எழுத்து போகும், தமிழ் எண்டா மெஷின் எண்ணுற கணக்கில 70 குறிதான், அதுக்கு மேல போனா துண்டு துண்டா உடைச்சு, ஒவ்வொரு துண்டும் 67. எல்லாத் துண்டும் வந்து சேர்ந்தாத்தான் போன் ஒழுங்காக் காட்டும். ஜன்னலடியில ஒரு கம்பி சிக்னல்ல நாலு துண்டு வந்து சேர எவ்வளவு நேரம் எண்டு நினைக்கிறீங்க? "482913 உங்கள் இரகசிய எண். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்." இது அறுபதுக்குள்ள முடிஞ்சிடும், ஒரே துண்டு, இலக்கம் முன்னுக்கு. செலவும் கால்வாசி. முந்தி இருந்த இடத்தில ஒரு மீட்டிங்கில, தமிழ் எஸ்எம்எஸ் காசு கூட, அதனால இங்கிலீஷ்ல மட்டும் அனுப்புவம் எண்டு முடிவெடுத்தாங்க, நானும் மேசையில இருந்தன், மெசேஜைச் சுருக்குவம் எண்டு ஒருத்தருக்கும் தோணல்ல. எனக்கும்தான்.

மொழி எண்ட உடன ஒண்டு சொல்லோணும். 1987ல அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டில அரசகரும மொழி. நான் இஞ்ச அரசியல் கதைக்க வரல்ல, பட்டன் கதைக்க வந்தனான். 'தமிழ்' எண்டு பட்டன் வச்சா அதுக்குப் பின்னால தமிழ் இருக்கோணும். பஸ் சீட் பதியிற ஒரு பக்கத்தில தமிழைத் தட்டினன், சீட்டைத் தெரிஞ்செடுத்த பிறகு கீழ பெரிய பச்சைப் பட்டன்ல 'புத்தகம்' எண்டு நிக்குது. புக் எண்டதை மெஷினிட்ட குடுத்திருக்கிறாங்க, அது புத்தகத்தைத் தூக்கித் தந்திட்டு. ஒரு தமிழ் ஆள் ஒருதரம் பாத்திருந்தாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை. தேடுற பெட்டியும் அப்பிடித்தான். ஸ்ரீ எண்ட எழுத்தை யூனிகோட்டில (மெஷின் ஒவ்வொரு எழுத்துக்கும் வச்சிருக்கிற எண் பட்டியல்) ரெண்டு விதமா எழுதலாம், 2005ல புதுசா ஒரு 'ஶ' சேர்த்ததால வந்த வினை. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, மெஷினுக்கு ரெண்டும் வேற ஆள். ஸ்ரீகாந்தன் லிஸ்டில இருந்துகொண்டே இல்லையாம். எங்கட ஊரையே திருகோணமலை எண்டும் எழுதுவாங்க, திருக்கோணமலை எண்டும் எழுதுவாங்க, ரெண்டையும் ஏத்துக்கொள்ளுங்க.

இதையெல்லாம் சொன்னா உங்கட பதில் எனக்குத் தெரியும். எட்ஜ் கேஸ், அதான் எப்பவாவது ஒருக்கா வாற விஷயம். நானும் எத்தினையோ டிக்கெட்டை (பிழை எண்டு வாற முறைப்பாட்டை) அந்தச் சொல்லை எழுதி மூடியிருக்கிறன். 2025 பெப்ரவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில ஒரு குரங்கு மின்சாரக் கட்டமைப்போட போய் முட்டினதில முழு நாடும் இருட்டாகிச்சு, அமைச்சரே சொன்னார். அதைப் பாத்த பிறகும் மீட்டிங்கில இருந்துகொண்டு 'அப்பிடியெல்லாம் நடக்க சான்ஸ் இல்ல' எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருதா? குரங்கு நடந்திட்டு. எங்கட ஊர்ல மான் றோட்டில நிண்டு கடைக்காரரிட்ட மரக்கறி வாங்கித் திண்டுது, அதை ஆர் ரிக்குவயர்மென்ட்ல எழுதுவீங்க?

நல்லாச் செய்ய எங்களுக்குத் தெரியாது எண்டும் இல்ல. 2022ல எரிபொருள் பாஸ் எண்டு கியூஆர் ஒண்டு வந்தது நினைவிருக்கா. சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி நிக்குது, அதுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நாங்க பெற்றோலுக்கு ராவு முழுக்க லைன்ல கிடந்தம், அது வேற வயித்தெரிச்சல். ஆனா அந்த கியூஆர் வேலை செஞ்சது. ஆப் இறக்கத் தேவையில்ல, ஒருக்காப் பதிஞ்சா படம் ஒண்டு வரும், அதைக் கடையில பிரிண்ட் எடுத்தாலும் சரி. எங்கட ஒழுங்கையில ஓட்டோ ஓடுற மாமா அதை லமினேட் பண்ணி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில செருகி வச்சிருந்தார், கிழமைக்கு அஞ்சு லீட்டர், டிக் எண்டு அடிப்பாங்க, போயிடுவார். ஸ்மார்ட் போன் இல்லாத மனுசன். அண்டைக்கு நெருக்கடி எண்டதால எல்லாரையும் நினைச்சுச் செஞ்சீங்க போல, இப்ப நெருக்கடி முடிஞ்சதா?

இன்னும் கிடக்கு. திறக்கிற நேரமெல்லாம் 'அப்டேட் பண்ணினாத்தான் விடுவன்' எண்டு நிக்கிற ஆப், டேட்டா காட் போட்டுப் பாவிக்கிற ஆக்கள்ட காசில இறங்குது. நூறு ரூபா ரீலோட் போட்டா கேக்காத ஜோதிடத்துக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் வெட்டுறது, தொடங்க ஒரு தட்டு, நிப்பாட்ட ஹொட்லைன்ல இருபது நிமிஷம் பாட்டுக் கேக்கோணும். அந்தக் கோடையும் எங்கட ஆள் ஒருத்தன்தான் எழுதினவன், எனக்கு அதில மன்னிப்பே இல்ல. மத்ததெல்லாம் தெரியாம விட்ட பிழை, இது தெரிஞ்சு செய்யிறது.

உங்களிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். வேலை முடிஞ்சுது, டன் எண்டு டிக் போட முதல், உங்கட அம்மாட கையில, இல்லாட்டி மாமிட கையில, பழைய போன் ஒண்டில, வைஃபைய நிப்பாட்டிப்போட்டுக் குடுங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க. அவ எங்க நிண்டு, மூக்குக் கண்ணாடியை மேல தள்ளிவிட்டு "தம்பி, இது என்ன கேக்குது?" எண்டு திரும்பிப் பாக்கிறாவோ, அந்த இடத்தைக் குறிச்சுக்கொள்ளுங்க. கொழும்பில அம்மா இல்லாத ஆக்கள் இருந்தா இரவு மெயில் ரெயின்ல ஏறி வாங்க, காலம எங்கட வீட்ட இறங்கலாம். அம்மா பிட்டும் மீன் குழம்பும் தருவா, டெஸ்டிங்கும் ஃப்ரீ.

இப்படிக்கு,
லாஸ்ட் நேம் இல்லாத ஒருத்தன்,
உப்புவெளி, திருகோணமலை 31000.

பி.கு: 24 மணித்தியாலம் முடிஞ்சும் லொக் திறக்கல்ல, நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போறன். அவ கேக்கிறா, அப்பாக்கு வந்த அந்த லோன் இன்னும் இருக்கோ, இருந்தா வீட்டு மதிலைக் கட்டலாமாம்.