கோட்டைக்குள் தங்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘கோட்டைக்குள்ளேயே அறை எடுங்கள், ஷவரில் ஆசைதீரக் குளித்துவிட்டு மொட்டைமாடியில் நின்று சூரியன் மறைவதைப் பாருங்கள்.’ அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் இதழ் வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் கணவருக்கு எல்லையில் வேலை. கல்யாணமான புதிதில் ஜெய்சல்மேரில்தான் குடித்தனம். கோட்டைக்குள் வசித்த ஒரு பாட்டியம்மா என்னை மகளாகவே நடத்தினார். அகலமான பித்தளைத் தொட்டிக்குள் உட்கார்ந்துதான் குளிப்பார். அந்தத் தண்ணீரிலேயே துணி அலசி, மிஞ்சியதில் மாட்டுக்கொட்டிலைக் கழுவுவார். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர் அது. 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை இத்தனை நூற்றாண்டு நின்றதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு.

பிறகு குழாய் வந்தது, ஓட்டல்கள் வந்தன, அறைக்கு அறை குளியலறை வந்தது. கோட்டை நிற்பது கருங்கல்லின் மேல் அல்ல. மணற்பாறையும் களிமண்ணும் கலந்த குன்றின் மேல். கசியும் தண்ணீர் உள்ளே இறங்கினால் களிமண் ஊறி நெகிழ்ந்து, மதிலும் கொத்தளமும் பிடிப்பை இழக்கின்றன. சில கொத்தளங்கள் சரிந்தும்விட்டன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இலேயே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. உங்கள் அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாத செய்தியா? 2013இல் யுனெஸ்கோ கொடுத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவத்தைப் பெருமையாகப் போட்டீர்கள். இதற்கு மட்டும் ஒரு வரி இடமில்லாமல் போயிற்று.

பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களோடு ஒருமுறை போனேன். பாட்டியம்மா இல்லை, அந்த வீடு ஓட்டலாகிவிட்டது. பின்சந்தில் குளியலறைக் குழாய் இறங்கும் சுவரின் அடிப்பக்கம் இடுப்பளவுக்குக் கறுத்து, உப்புப் பூத்திருந்தது. விரலை வைத்ததும் மஞ்சள் கல் மாவாக உதிர்ந்தது. கோட்டைக்குள் இன்னும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருப்பது அந்தக் கல்தான்.

எழுத உட்கார்ந்தபின் மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்வா ஹவேலியின் படத்துக்குக் கீழே ‘மன்னரின் அரண்மனை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜரிகை, அபின் வணிகம் செய்த ஒரு ஜைனக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐந்து வீடுகளின் வரிசை. அந்த ஜன்னல் வேலைப்பாட்டைச் செதுக்கிய சிற்பிகளுக்குக் கூலி கொடுத்தது வியாபாரிகள்.

மங்கணியார்களை ‘மணல்மேட்டில் ஆட்டம்பாட்டம்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவர்கள் முஸ்லிம்கள், ராஜபுத்திர வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். பாட்டியம்மாவின் பேரனுக்குப் பெயர் வைத்த அன்று, ஒரு பெரியவர் கமைச்சா என்ற நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்து வாசித்தபடி அந்தக் குடும்பத்து முன்னோர்களின் புகழைப் பாடினார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் கண் கலங்கி உட்கார்ந்திருந்தோம். அதே வாத்தியத்துக்காக 2012இல் பத்மஸ்ரீ பெற்றவர் ஹமீரா கிராமத்து சாகர் கான். அவர் பெயருக்காவது இடம் கொடுத்திருக்கலாம்.

முன்பு ஜெய்சல்மேர் பக்கத்திலுள்ள குல்தராவைப் பேய் கிராமம் என்று எழுதியபோதும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஓடிவரும் மழைநீரைச் சரிவின் அடியில் கரைகட்டி நிறுத்தி, அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்த பாலிவால் மக்களின் ஊர் அது. வறண்ட பூமியில் விவசாயம் செய்யும் நம் வாசகர்களுக்கு அந்த ‘கடீன்’ முறையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! பேயைத்தான் சொன்னீர்கள்.

நான் கேட்பது சிறிய விஷயம். அக்டோபரில் அங்கே சீசன் தொடங்கிவிடும். அதற்குமுன் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: கோட்டையைப் பகலில் சுற்றிப் பாருங்கள், இரவு தங்குவதற்குக் கீழே ஊருக்குள் அறை எடுங்கள் என்று. கூடவே ஹவேலி படக்குறிப்பையும் திருத்திவிடுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெளியிட வேண்டாம். அந்தப் பெட்டிச் செய்தி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
ஸ்ரீரங்கம்