கார்க் வந்த பிறகுதான் கழற்றுவேன்

சென்னை,
கார்த்திகை 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தை மாதம் என்றதும் இவளுக்குப் புடவை நினைவு, எனக்குப் புல்லட் நினைவு. ஆமாம், திண்டுக்கல்லுக்கு அதில்தான் வரப்போகிறேன். இவள் ரயிலில் வந்துவிடுவாள். முழங்கால் வலி பரவாயில்லை. கிக்கர் உதைக்கும் சங்கதி மட்டும் டாக்டருக்குத் தெரியாது.

அப்பா 1986இல் வாங்கிய வண்டி. பெரிய சர்வீஸ் பார்க்காமல் அதை அவ்வளவு தூரம் ஓட்டுவது பாவம். ஆனால் இன்னும் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை. ஒரு மாதமாகச் சாமான்தான் சேர்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்ட பாடு அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்வக் கோளாறில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரைக் கழற்றிவிட்டேன். எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் இருக்கும் பேக்கிங் இரண்டாகக் கிழிந்து வந்தது. மாற்றுப் பேக்கிங் கையில் இல்லை. அவசரத்தில் வாங்கி வந்ததோ வேறு மாடலுக்கானது. மூன்று வாரம் வண்டி வயிறு திறந்தபடி கிடந்தது. அதற்குள் பேரன் இரண்டு வாஷரைத் தன் பொம்மை வண்டிக்குச் சக்கரமாக்கிவிட்டான்.

ஆகவே உன் வீட்டில் சீர்வரிசைத் தட்டு அடுக்கும் இதே நேரத்தில், என் வீட்டிலும் எவர்சில்வர் தாம்பாளத்தில் பிளக்கின் பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட் செட், கண்டென்சர், பிளக், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஃபெல்ட் ஃபில்ட்டர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தாம்பாளம் இவளுடையது. திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போன வாரம் மழையோடு மழையாக ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். முன்பு கழற்றி வைத்த பழைய சாமானைத் துணியில் முடிந்து எடுத்துப் போகாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. வாயால் சொன்னால் பின்னால் வந்த அலுமினிய எஞ்சினுக்கு உள்ளதைத் தலையில் கட்டிவிடுவார்கள். "வார்ப்பிரும்பு எஞ்சின், பாயின்ட் வண்டி" என்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பிறகு அவரே ஏணி போட்டு ஏறி, மேல்தட்டில் தேடினார்.

எல்லாம் கிடைத்தது, ஒரு கார்க்கைத் தவிர. டைமிங் கவருக்குள், எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் உட்காருமே, சுண்டுவிரல் மோதிரம் போல, அதுதான். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்குக்கு எண்ணெய் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. கார்க் கோணலாக உட்கார்ந்தாலோ நைந்துபோனாலோ எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடும். பேரிங் காய்ந்து தேயும். சில ரூபாய்ச் சாமான், எஞ்சினின் உயிர் அதில் இருக்கிறது. கடையில் கொடுத்தது விரலால் அழுத்தியதும் பொடிந்தது. எத்தனை வருடம் தட்டில் கிடந்ததோ! பெரியவரே வெட்கப்பட்டு, புதிது வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் ஓரிரவு எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுவேன். அதுவரை ஸ்பேனர் பெட்டி பூட்டியே இருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் சில்லறை வேலைகள். முன்பு கழற்றி வைத்த செம்பு வாஷர்களை நேற்று கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எஃகை அப்படிச் செய்தால் இறுகும், செம்போ இளகிவிடும். மறுபடி இறுக்கும்போது நன்றாகப் பதிந்து கசிவை அடைக்கும். சமையலறையில் அதற்குக் கிடைத்த அர்ச்சனையை எழுத மாட்டேன். புதுப் பாயின்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய பிசுக்கைப் பெட்ரோல் துணியால் துடைத்து வைத்தேன். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று அரை நாள் கார்புரேட்டரைக் குடைந்தவன் நான்.

ஸ்பேனரிலும் ஒரு கூத்து. திருவொற்றியூரில் ஐம்பதுகளில் இங்கிலாந்துச் சாமானைக் கொண்டு வந்து பூட்டித் தொடங்கிய வண்டி அல்லவா, என் வண்டி வரைக்கும் அந்த ஊர் மரை சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். இங்கிலாந்து அளவில் செய்த அப்பாவின் பழைய வித்வொர்த் ஸ்பேனர்களைப் பரணிலிருந்து இறக்கி மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒன்றின் கைப்பிடியில் அவர் ஆணியால் கீறிய இனிஷியல் இன்னும் தெரிகிறது.

வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியைப் பார்க்க அளவுகோல் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது டாப்பெட்டுக்கு மேலே நிற்கும் புஷ்ராட் கம்பியை விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். பாயின்ட் இடைவெளி அப்படியல்ல. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வேண்டும், அதற்கு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வேண்டும். பெட்டியைத் தலைகீழாகக் கொட்டியும் என்னுடையதைக் காணோம். திருவல்லிக்கேணி அறையைக் காலி செய்த அன்று, உன் யெஸ்டிக்கு என்று வாங்கிக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? வண்டியை விற்றுவிட்டாய், கேஜை விற்றிருக்க மாட்டாய். கல்யாண வேலைக்கு நடுவே ஒரு நிமிடம் தேடிப் பார். கிடைத்தால் கூரியரில் அனுப்பு, கார்க்குக்கு முன்னால் வந்து சேரட்டும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத் தோழன்