மின்சாரப் பேருந்து ஒதுங்கி நிற்க இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் மின்சாரப் பேருந்து என்றாலே மழைக்குத் தாங்குமா, பாதி வழியில் சார்ஜ் இறங்கிவிடுமா என்றுதான் முன்பு பேச்சாக இருந்தது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 பேருந்துகள் கிளம்பின. அப்புறம் பெரும்பாக்கத்திலிருந்தும் வந்தன. ஏறிப் போனவர்கள் இப்போது அந்தக் கேள்விகளை அவ்வளவாகக் கேட்பதில்லை. இரைச்சல் இல்லை, கியர் மாற்றும்போது தூக்கிப் போடுவதும் இல்லை.

எனக்கு மோட்டாரைவிட வண்டியின் தாழ்தளம்தான் பெரிய விஷயம். வாசலில் படிக்கட்டு கிடையாது. நிறுத்தத்தில் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து கொடுக்கிறது. சக்கர நாற்காலி ஏற, விரித்துப்போடும் சாய்பலகை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடியதன் பலன் இது. ஆனால் வண்டி நடைபாதையை ஒட்டி நின்றால்தானே இதெல்லாம் உதவும்? நம் நிறுத்தங்களில் ஷேர் ஆட்டோவும் பைக்கும் தள்ளுவண்டியும் முதலிலேயே இடம் பிடித்துவிடுகின்றன. பேருந்து நடுரோட்டில் நிற்கிறது. மூட்டுவலிக்காரர் நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, பைக்குகளுக்கு நடுவே புகுந்து, மறுபடி மேலே ஏற வேண்டும். சாய்பலகையை நடைபாதையில் போடாமல் ரோட்டில் போட்டால் சரிவு அதிகமாகிவிடும். பின்னால் ஒருவர் தம் கட்டித் தள்ளினால்தான் நாற்காலி மேலே போகும்.

ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒதுங்க இடம் இல்லாதபோது அவர் என்ன செய்வார்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வண்டிகளுக்கு நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தவர். அந்த நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்ப்பதுபோல, நிறுத்தத்தில் ஒட்டி நின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

மொத்தம் 1,225 மின்சாரப் பேருந்துகளை இயக்குவது திட்டம். அடுத்த பணிமனையைத் திறக்குமுன், அங்கிருந்து வண்டிகள் போகும் வழித்தடங்களில் உள்ள நிறுத்தங்களை மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் ஒழுங்குபடுத்தட்டும். கோடு போட்டால் மட்டும் போதாது, மறித்து நிற்கும் வண்டிக்கு அபராதமும் போட வேண்டும். நடைபாதை இடிந்து கிடக்கும் இடங்களில், பேருந்துத் தளத்தின் உயரத்துக்குப் பொருந்துகிற மாதிரி அதை எடுத்துக் கட்டித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.