ஞாயித்துக்கிழமை ஐடிஐ கதவைத் திறந்து விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

காவேரிப்பட்டணம் பக்கத்துல சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன், நானும் ரெண்டு பசங்களும்தான். மெஷின்ல கை மாட்டி விரல் போச்சுன்னா உங்க பேப்பர்ல நாலு வரி வருது, ஏன் மாட்டுச்சுன்னு மட்டும் அதுல இருக்கறதில்ல. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

தளி, கெலமங்கலம் பக்கமெல்லாம் ரோஜாவுக்கு பசுமைக்குடில் போடறாங்கல்ல, அதுக்கு ஒன்றரை இஞ்சு ஜிஐ பைப் 320 பீசு, ஒவ்வொண்ணுலயும் 10 எம்எம் போல்ட்டுக்கு மூணு இடத்துல ரெண்டு பக்கமும் ஊடுருவ ஓட்டை, ஆவணியில ஒரு கான்ட்ராக்டர் ஆர்டர் குடுத்தாரு. ஓட்டை போடற வேலைதானே, ஒரு வாரம்னு சொல்லிட்டேன். பசங்க டேப் வெச்சு அளந்து, பிட்டு முனை உக்கார குழி வைக்கற சென்டர் பஞ்ச் அடிச்சு, பைப்பை கையிலயே புடிச்சுக்கிட்டு பில்லர் டிரில்லுல, அதான் தூண்ல நிக்கற ஓட்டை போடற மெஷின்ல, போட ஆரம்பிச்சாங்க. உருண்டை பைப்புல ஓட்டை போடற பிட்டு முனை நிக்குமா, வழுக்கிட்டு ஓடுது. மேல் ஓட்டை ஒரு இடம் கீழ் ஓட்டை ஒரு இடம், போல்ட்டு உள்ளயே போகல, முதல் லோடுல 60 பீசு திரும்பி வந்துச்சு.

அதுகூட பரவால்லைங்க. மூணாவது நாளு கீழ்ச் சுவரை பிட்டு உடைச்சிட்டு வெளிய வர்ற நேரத்துல கவ்வி பைப்பையே சுத்த விட்டுருச்சு. பையன் கையில துணி கிளவுஸ் போட்டிருந்தான், பாதுகாப்புன்னு நான்தான் வாங்கிக் குடுத்தது. அந்த நூலை பிட்டு இழுத்து, நூலோட விரலும் போயிருக்கும், பெல்ட் வழுக்கினதால தப்பிச்சான், ஆறு தையல். சுத்தற பிட்டுகிட்ட கிளவுஸே கூடாதுங்கறது எனக்கு அன்னைக்குதான் தெரிஞ்சுது, இருபது வருஷம் பட்டறை நடத்தி என்ன புண்ணியம் சொல்லுங்க.

ஓசூர்ல ஒரு கம்பெனியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எங்க தெருவுலதான் இருக்காரு. விஷயம் கேள்விப்பட்டு வந்தவரு முதல்ல மெஷின் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தாரு. "வாங்குனதுல இருந்து மாத்தலையாப்பா?"ன்னாரு. இல்லைங்கய்யான்னேன். பெல்ட் மாட்டியிருந்த புல்லியில பிட்டு நிமிஷத்துக்கு 2000 சுத்துக்கு மேல ஓடிட்டு இருந்திருக்கு, 11 எம்எம் பிட்டுக்கு இரும்புல 800 சுத்து போதுமாம், மோட்டார் பக்கம் சின்ன புல்லி, பிட்டைச் சுத்தற ஸ்பிண்டில் பக்கம் பெரிய புல்லின்னு பெல்ட்டை மாத்தி விட்டாரு. வேகம் ஜாஸ்தியாகி சூட்டுல பிட்டு முனை நீலம் பூத்துப் போறதை நான் பிட்டுக் கடைக்காரன் மேல பழி போட்டுட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு முழு நாளு ஓட்டையே போட விடல, ஒவ்வொரு பைப்பும் ஒரே இடத்துல உக்கார்ற மாதிரி ஒரு தாங்கி, ஜிக்குன்னு சொல்வாங்க, அதைத்தான் செஞ்சோம். எனக்கு உள்ளுக்குள்ள எரியுது, கான்ட்ராக்டர் போன் மேல போன், இவரு என்னடான்னா ரெண்டடி ஆங்கிள் எடுத்து வி மாதிரி மல்லாத்தி பிளேட்டு மேல வெச்சு, அங்கங்க மாத்தி மாத்தி புள்ளி வெல்டு மட்டும் வைன்னு உக்காந்துட்டாரு. ஒரே இழுப்பா அடிச்சா வளைஞ்சுரும்ங்கறது வெல்டருக்கே பாடம். பிட்டு இறங்கற இடத்துல வி அடியில பெரிய ஓட்டை ஒண்ணு, சுருள் அது வழியா கீழ விழுந்துரும்.

பிட்டு முனையை பைப்போட நடுவுக்கு நேரா கொண்டுவர அவரு பண்ணதைத்தான் நான் பார்த்துட்டே நின்னேன். அந்த வி-க்குள்ள பைப்பை வெச்சு, பைப் மேல ஆறு இஞ்சு ஸ்டீல் ஸ்கேலை குறுக்க மல்லாக்க வெச்சாரு, மெஷினை ஓட்டாம பிட்டைப் புடிச்சிருக்கற தலையை மெதுவா இறக்கி பிட்டோட கூர் முனையால ஸ்கேலை லேசா அழுத்துனாரு. ஸ்கேல் ஒரு பக்கமா சாஞ்சுது. பிளேட்டை ஒரு நூல் அளவு தள்ளி திரும்ப அழுத்துனாரு, இந்தப் பக்கம் சாஞ்சுது. நாலாவது தடவை தராசு முள்ளு மாதிரி நேரா நின்னுச்சு. பைப்போட நெத்திக்கு நேரா பிட்டு முனை வந்தாத்தான் அப்படி நிக்கும். உடனே பிளேட்டை டேபிளோட போல்ட்டு போட்டு முறுக்கிட்டாரு. அளவே இல்லாம அளந்த மாதிரி.

மேல ஒரு பாலம் வெல்டு பண்ணி அதுல புஷ்ஷுன்னு கெட்டியான இரும்புக் குழல் ஒண்ணு அடிச்சோம், பிட்டு அதுக்குள்ள புகுந்துதான் பைப்பைத் தொடும், அப்புறம் பஞ்ச் அடிக்கற வேலையே இல்ல. பைப் முனை முட்டறதுக்கு ஸ்டாப்பரா ஒரு போல்ட்டு, லாக் நட்டோட. அதை வி அடியில ஒட்ட விடாம கொஞ்சம் தூக்கி வெச்சதுக்குக் காரணம், மூலையில சுருள் சேர்ந்தா பைப் முழுசா முட்டாது, ஓட்டை தள்ளிப் போயிரும். ரெண்டாவது மூணாவது ஓட்டைக்கும் அதே முனையில இருந்துதான் அளவு. முந்தின ஓட்டையில இருந்து அளந்தா தப்பு சேர்ந்துட்டே போகுமாம். முதல் ஓட்டையில லூசா ஒரு பின் சொருகுவோம், அது பைப் உருளாம மூணு ஓட்டையும் ஒரே கோட்டுல நிக்கறதுக்கு மட்டும்.

இன்னொண்ணு. பைப்போட நீட்டுப் பக்கம் எப்பவும் நமக்கு இடது கைப் பக்கம் இருக்கணும், மெஷின் தூணை ஒட்டி. பிட்டு கவ்வுனாலும் பைப் தூண்லதான் போய் இடிக்கும், ஆளு மேல வராது. வெளிய தொங்கற முனைக்கு அதே உயரத்துல ஒரு ஸ்டாண்டு. கிளாம்ப் போடாம ஒரு பீசு கூட கிடையாது.

மிச்சத்தை ரெண்டே நாள்ல முடிச்சோம், ஒண்ணு கூட திரும்பி வரல. கான்ட்ராக்டர் மட்டும் "மொதல்லயே இப்படி பண்ணியிருக்கலாமேண்ணே"ன்னாரு, அவரு குடுத்த டயம்ல எங்க பண்றது.

நான் கேக்கறது இதுதாங்க. எங்களை மாதிரி மூணு பேரு பட்டறைக்கு எந்த அதிகாரியும் வரப்போறதில்ல, வரவும் வேண்டாம். எல்லாத் தெருவுலயும் ஒரு பெரியவரும் இருக்க மாட்டாரு. ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் அரசு ஐடிஐ இருக்கு, டிரில்லிங் மெஷின் இருக்கு, உருண்டை சாமானை உக்கார வைக்கற வி பிளாக் இருக்கு, சொல்லிக் குடுக்க வாத்தியாருங்க இருக்காங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில ரெண்டு மணி நேரம், சர்ட்டிபிகேட் எல்லாம் வேண்டாம், பட்டறைப் பசங்க வந்து கையால தொட்டுப் பார்க்க விட்டா போதும். எங்க பசங்களுக்கு அன்னைக்குதான் லீவு. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன், நீங்களும் இதைப் போட்டீங்கன்னா யாராவது பார்ப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.