படமே அப்படித்தான் சார்

சென்னைத் திரையரங்க உரிமையாளர்களுக்கும் மல்டிப்ளெக்ஸ் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வந்த அந்தச் சின்னப் பேய்ப்படம் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் படம் என்று நான் சொல்லத் தேவையில்லை. காலைக் காட்சிக்குக் கூட்டமில்லை என்று திங்கட்கிழமையே நீங்கள் தூக்கிவிட்ட படம். பெரிய நடிகர் கிடையாது. பாட்டும் ஹிட் இல்லை. சாபம், பாழுங்கிணறு, அதற்குள் குடியிருக்கும் காவல் தெய்வம் என்று கையில் இருந்த காசுக்கு மேலே ஆசைப்பட்ட கதை. பார்த்தவர்களில் ஒரு பாதி 'மிரட்டிட்டாங்க' என்கிறது. இன்னொரு பாதி 'ஒரு எழவும் தெரியல, தூங்கிட்டேன்' என்கிறது. இரண்டு கட்சியும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டு கட்சியும் சொல்வது உண்மை என்பதுதான் என் வழக்கு. ஏனென்றால் இரண்டு பேருக்கும் நீங்கள் காட்டியது ஒரே படம் இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் வரும் கிணற்றடிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெண் அரிக்கேன் விளக்கைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு வாளியை இறக்குகிறாள். பாதியில் கயிறு நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது. அதற்கப்புறம் நிலா வெளிச்சம் மட்டும்தான். ஓஎம்ஆர் பக்கம் ஒரு மாலில் இதைப் பார்த்தபோது, விளக்கு அணைந்ததும் திரையும் சேர்ந்து அணைந்துவிட்டது. இடது ஓரத்தில் எக்ஸிட் போர்டின் பச்சை வெளிச்சம் மட்டும் திரைமேல் படிந்திருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் 'டேய், டார்ச் அடிடா, பேயைத் தேடுவோம்' என்றான். மொத்த ஹாலும் சிரித்தது. அந்த இருட்டுக்கு அதைவிட நல்ல வசனம் யாராலும் எழுத முடியாது.

அதே காட்சியில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் நிபந்தனை சொல்கிறது. முணுமுணுப்பாகத்தான் சொல்கிறது. பிற்பாதிக் கதை முழுக்க அந்த நிபந்தனையில்தான் தொங்குகிறது. எனக்குக் கேட்டது ஏசி இரைச்சலும், பக்கத்து சீட்டில் நாச்சோஸ் நொறுங்கும் சத்தமும். அப்புறம் எப்படிக் கதை புரியும்?

இடைவேளையில் வாக்கிடாக்கி வைத்திருந்த தம்பியிடம் போய்ச் சொன்னேன். பாவம், மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: 'படமே அப்படித்தான் சார். டார்க் படம்.' மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். புரொஜெக்டர் அறையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன். எல்லாமே ஆட்டோமேட்டிக் என்றார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வடசென்னையில் ஒரு பழைய ஒற்றைத் திரையில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். சீட் கிழிந்திருந்தது, கழிவறை பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனால் விளக்கு அணைந்த பிறகு கிணற்றின் உட்சுவர் தெரிந்தது. அதில் ஈரமான விரல் தடங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வருவது தெரிந்தது. அந்தக் காட்சியில் இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டார். குரல் சொன்ன நிபந்தனையும் தெளிவாகக் கேட்டது. 'டார்ச் அடிடா' என்று ஒருவரும் கத்தவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இருட்டான படத்தையும் அதற்குரிய வெளிச்சத்திலும் சத்தத்திலும் காட்டுங்கள்.

நான் சினிமாக்காரன் இல்லை. ஆனால் ரீல் காலத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இருக்காது. டிஜிட்டல் சினிமாவுக்கு என்று உலகம் முழுக்க ஓர் அளவு இருக்கிறது. 3டி அல்லாத சாதாரணப் படம் ஓடும்போது வெள்ளைத் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். வடபழனியிலோ சாலிகிராமத்திலோ டிஐ, அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை, செய்கிறவர் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் இந்த நிழல் இவ்வளவு, அந்த விரல் தடம் இவ்வளவு என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து வைக்கிறார். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஜெனான் லாம்ப் எரிய எரிய மங்கும். மாற்றினால் செலவு, அதனால் தள்ளிப்போடப்படுகிறது. 3டி படம் ஓட்டிய பிறகு லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை நகர்த்த மறந்தால் பாதி வெளிச்சத்துக்கும் மேல் அங்கேயே போய்விடும். 3டிக்காகப் போட்ட வெள்ளித் திரை என்றால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் இருக்கும். கல்யாண மண்டபத்தில் மாமியார் மருமகள் சண்டை போடும் படத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. முக்கால்வாசிப் படம் நிலா வெளிச்சத்தில் நடக்கும்போது, தொலைவது படமேதான்.

சத்தமும் இப்படித்தான். தியேட்டரின் டால்பி பிராசஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் 7இல் இருக்கும் என்று நம்பித்தான் மிக்ஸிங் செய்கிறார்கள். நீங்கள் வைப்பது என்னவோ நாலரை, ஐந்து. காரணமும் புரிகிறது. படத்துக்கு முன்னால் நகைக்கடை விளம்பரம், பட்டுப்புடவை விளம்பரம், அடுக்குமாடி வீட்டு விளம்பரம் எல்லாம் காதைப் பிளக்கின்றன. யாராவது வந்து சண்டை போடுகிறார்கள், சத்தத்தைக் குறைக்கிறீர்கள், குறைத்தது குறைத்தபடியே படமும் ஓடுகிறது. நகைக்கடை கத்துகிறது, தண்டனை பேய்க்கு. அந்த நெக்லஸில் எத்தனை கல் என்று கடைசி வரிசையிலிருந்து என்னால் எண்ண முடிந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். விளம்பரத்துக்கு வெளிச்சம் போதுமானதாகத்தான் இருக்கிறது.

பெரிய நடிகரின் படம் என்றால் இந்தக் கதை நடக்குமா? முதல் காட்சியில் சவுண்ட் கொஞ்சம் குறைந்தாலும் ரசிகர்கள் சீட்டைப் பெயர்த்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் படங்களுக்குப் பெரிய ஸ்க்ரீன், நல்ல லாம்ப். சின்னப் படத்துக்கு மூலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரீன், வேலைநாள் காலை பத்தரை மணிக் காட்சி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. டிக்கெட் மட்டும் இரண்டுக்கும் அதே ஏறக்குறைய 190 ரூபாய்.

படத்தில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. ராஜா காலத்துப் பிளாஷ்பேக்கில் கத்தரி போட்டிருக்கலாம். தாய்மாமன் காமெடி தேவையே இல்லை. கிளைமாக்ஸில் வரும் நாகம், காசு தீர்ந்த பிறகு செய்த நாகம் என்று பார்த்தாலே தெரிகிறது. 'விட்டலாச்சார்யா காலத்து கிராபிக்ஸ்' என்று கிண்டல் செய்தவர்கள் அந்த நாகத்தை வைத்துத்தான் செய்தார்கள், செய்யட்டும். ஆனால் மாயாஜாலப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் அவர்; 1978இல் வந்த அவருடைய ஜெகன்மோகினியில் பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும். அதைச் செய்ய என்ன பெரிய பட்ஜெட் வேண்டியிருந்தது? இன்னும் ஊரில் பேசுகிறார்கள். காரணம், அடுப்பில் கால் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒருவர் சிரிக்கலாம், ஒருவர் பயப்படலாம், அது அவரவர் பாடு.

இதற்கிடையில் உங்கள் வாசலில் மைக் நீட்டுகிறவர்கள் வேறு. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று, முதல் நாள் ரசிகர் கருத்தைத் தியேட்டர் வளாகத்துக்குள் எடுக்க விடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. நல்லது. பார்த்தவர் வாயைப் பூட்ட இவ்வளவு மெனக்கெட்டவர்களில் ஒருவருக்காவது, அவர் என்ன பார்த்தார் என்று விசாரிக்கத் தோன்றியிருக்கலாம். 'ஒண்ணும் தெரியல' என்று மைக்கில் சொன்ன பையன் பொய் சொல்லவில்லை. அது விமர்சனமே இல்லை, உங்கள் லாம்பைப் பற்றிய புகார். அந்தப் புகாருக்குப் பழி சுமந்தவர் இயக்குநர்.

முதல் வாரத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தும்பாட் என்ற இந்திப் படம் 2018இல் வந்தபோது சுமாராகத்தான் ஓடியது. 2024இல் மறுபடி வெளியிட்டபோது முதல் ஓட்டத்தைவிட அதிகம் வசூலித்தது. அதுவும் மழையும் இருட்டும் குகையுமாக இருக்கும் மாயப் பேய்க்கதைதான். இந்தச் சின்னப் படத்துக்கு அப்படி ஒரு மறுவாழ்வு வரும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரைக்குமாவது அதை வெளிச்சத்தில் வைத்திருக்கலாம் என்கிறேன்.

பாப்கார்ன் விலை, பார்க்கிங் கட்டணம், வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று பையைத் துழாவுவது, படம் ஓடும்போதே ஆர்டர் கொண்டுவருகிறவர் செல்போன் டார்ச்சோடு நம் முகத்தில் அடிப்பது, இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. கேட்க வந்தது வேறு. சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முறையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

தயவுசெய்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் காட்சிக்கு முன்னால் திரை வெளிச்சத்தை அளந்து பாருங்கள். அளக்க மீட்டர் இருக்கிறது, சில நிமிட வேலை. 3டி ஃபில்டர் நகர்ந்திருக்கிறதா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். விளம்பரத்துக்குச் சத்தத்தைக் குறைத்தால் படம் தொடங்கும்போது மறுபடி ஏற்றுங்கள். பார்வையாளர் இருட்டாக இருக்கிறது என்று வந்து சொன்னால், வாக்கிடாக்கித் தம்பி அதை மேலே சொல்லவும், மேலே இருப்பவர் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய படம், சின்னப் படம் என்று பார்க்காமல், படத்தை அதற்குரிய வெளிச்சத்திலும் சத்தத்திலும் காட்டுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்படிக் காட்டிய பிறகும் படம் நன்றாக இல்லை என்றால் வாசலில் நிற்கும் மைக்கில் நானே போய்ச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காலைக் காட்சிக்கு லீவு போட்டு வந்த பார்வையாளன்,
பெரம்பூர், சென்னை