கேம்னாலே சுடுறது மட்டுந்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீடியோ கேம் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், எல்லா கேமும் துப்பாக்கியத் தூக்கிட்டு சுடுறதுதான்னு ஒரே போடா போட்டிருந்தீங்க. நான் விசைப்படகுல போறவன். ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வலை வேலை பாத்த நேரம் போக வீட்டுல சும்மாதான் கெடக்கேன். லீவுக்கு லேப்டாப்போட வந்த அக்கா மகன், மாமா இத ஒருவாட்டி பாருங்கன்னு புடிச்சு உக்கார வச்சுட்டான்.

கேம் பேரு 'எ பிளேக் டேல்: இன்னசென்ஸ்'. பிரான்ஸ்காரங்க பண்ணது, 2019ல வந்தது. கதையும் பிரான்ஸ்லதான், 1348ல. ஒரு பக்கம் இங்கிலீஷ்காரனோட சண்டை, இன்னொரு பக்கம் பிளேக். அமிசியான்னு 15 வயசுப் பொண்ணு, ஹியூகோன்னு 5 வயசுத் தம்பி. பயலுக்கு ஏதோ நோவுன்னு அம்மா ரூமுக்குள்ளயே வச்சு வளத்ததால அக்காவுக்கே தம்பியச் சரியாத் தெரியாது, படை வீட்டுக்குள்ள புகுந்து அப்பனை வெட்டுனதும் ரெண்டும் ஓடுதுங்க.

துப்பாக்கி கெடையாது சார், கவண்தான். உண்டிவில்லு இல்ல, காட்டுல குருவி வெரட்ட கல்ல வச்சுச் சுத்தி எறிவாங்களே அது. சுத்துற சத்தத்துக்கே காவக்காரன் திரும்பிருவான், தலைக்கவசம் போட்டவன்மேல கல்லு வேலைக்காவாது, ஒரு அடி வாங்குனா நம்ம கதை முடிஞ்சுது. அதனால புல்லுக்குள்ள குனிஞ்சு, பானைய அந்தப் பக்கம் எறிஞ்சு ஒடைச்சு, அவன் அங்க பாக்கறப்ப தம்பி கையப் புடிச்சுட்டு நழுவணும். பயல ஒரு மூலையில விட்டுட்டுத் தூரமாப் போயிட்டா கொஞ்ச நேரத்துல பயந்து அழ ஆரம்பிச்சுருவான், மொத வாட்டி நான் அப்படித்தான் மாட்டுனேன், மருமகன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

அப்புறம் எலி. கரையில வலை வைக்கிற வாடியில ஒரு எலி வலையக் கடிச்சாலே எங்களுக்கு வயிறு எரியும், இதுல வெள்ளம் மாதிரி வருது. வெளிச்சத்துக்கு மட்டுந்தான் ஒதுங்கும், கையில இருக்க குச்சி எரிஞ்சு தீர்றதுக்குள்ள அடுத்த நெருப்புக்கு ஓடணும்.

குறை இல்லாம இல்ல. காவக்காரனுங்க சரியான மக்கு, பக்கத்துல இருக்கவன் செத்துக் கெடந்தாலும் கொஞ்சம் தேடிட்டு மறந்துட்டு நடக்க ஆரம்பிச்சுருவான். போற வழியும் அனேகமா ஒண்ணுதான்.

எங்க மண்டபம் கேம்ப் இருக்கே, அந்தக் காலத்துல சிலோன் தோட்டத்துக்குப் போற ஜனங்கள தொத்துநோய் இருக்கான்னு நிறுத்திப் பாத்த எடம், பின்னாடி அகதி முகாமாச்சு. அங்கேர்ந்து ஒரு அக்கா மீன் வாங்க எங்க தெருவுக்கு வரும். 1990ல இலங்கையிலேர்ந்து தம்பியோட ராத்திரி படகுல வந்தது, படகுக்காரன் மணல்திட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டானாம், பய அழுதா இலங்கை நேவிக்குக் கேட்டுரும்னு வழி பூரா வாயப் பொத்திக்கிட்டே வந்ததாச் சொல்லும். நாங்க ஆடறத நின்னு பாத்துச்சு, ஒண்ணும் பேசல, கடைசியா "அந்தப் பெடியனுக்குப் பசிக்காதோ?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருச்சு.

மொத்தம் 17 சாப்டர், நாங்க நாலுதான் முடிச்சிருக்கோம். மறுநாள் அந்த அக்கா மீன் கூடையப் பாக்கல, நேரா உள்ள வந்து "பெடியன் இப்ப எங்க நிக்கிறான்?"னு கேக்குது.

இப்படிக்கு,
விசைப்படகு தொழிலாளி ஒருவன்,
மண்டபம்.